எல்லாப் பழியையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போடாமல் வானிலை சொல்வது

பாம்பன் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் வானிலை சொல்வது என் வேலை. விடியுமுன் ஒரு முறை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு முறை. கேட்பவர்களில் பெரும்பாலோர் கடலுக்குப் போகிறவர்கள், இல்லையென்றால் போனவர் திரும்பி வரக் காத்திருப்பவர்கள். காற்று எந்தப் பக்கம், என்ன வேகம், அலை எவ்வளவு உயரம், நாளைக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் உண்டா இல்லையா, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். சில வருடங்களாக இதோடு காலநிலை மாற்றத்தையும் சேர்த்துப் பேசி வருகிறேன். புதிதாக வானொலிக்கு வரும் பிள்ளைகள், "அதை எப்படிக்கா சொல்றது? ஆரம்பிச்சாலே பாடம் நடத்துற மாதிரி ஆயிருது" என்கிறார்கள். அவர்களுக்கு அவ்வப்போது துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

அமெரிக்காவில் இதே வேலை செய்கிறவர்களைப் பற்றி வாசித்திருக்கிறேன். தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில் ஜிம் காண்டி என்ற தொலைக்காட்சி வானிலையாளர், 2010-இல் தன் வானிலை அறிக்கைக்குள்ளேயே காலநிலை மாற்றத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சொல்லத் தொடங்கினார். பிறகு அது அந்த நாடு முழுக்கப் பரவியது. அயோவா மாநிலத்தில் கிறிஸ் குளோனிங்கர் என்பவருக்கு இதைச் சொன்னதற்காக மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. 2023-இல் அவர் வேலை பார்த்த தொலைக்காட்சி நிலையத்தை விட்டே விலகினார். அங்கே தகராறு, கேட்பவர்களில் ஒரு பகுதியினர் நம்ப மறுப்பது. நம் கரையில் அந்தத் தகராறே கிடையாது. "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்று இதுவரை யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. இங்கே தலைவலி நேர்மாறானது. எல்லோரும் சொன்னவுடன் ஒத்துக்கொள்கிறார்கள். மீன் படவில்லையா, காலநிலை மாற்றம். கரை அரிக்கிறதா, காலநிலை மாற்றம். தெருவில் தண்ணீர் நிற்கிறதா, அதுவும் அதுதான். அப்புறம் யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது.

ஒரு குறைகேட்புக் கூட்டம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைப் பற்றிப் பெண்கள் கேட்டார்கள். மேடையில் இருந்தவர், "காலநிலை மாற்றம்மா. உலகம் பூரா இப்படித்தான் இருக்கு" என்று முடித்துக்கொள்ளப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "அப்ப வாய்க்கால்ல கெடக்குற பிளாஸ்டிக்கும் அது கொண்டாந்து போட்டதுதானா சார்?" என்று கேட்டார். நான் வானொலியில் பேசிய எதையும்விட அந்தக் கேள்வி தெளிவாக இருந்தது. எங்களைப் போன்றவர்கள் தினமும் ஒலிவாங்கியில் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் மேடையில் இருப்பவர்களுக்கு அது வசதியாகப் போகிறது என்பதும் அன்றைக்கு உறைத்தது.

அதனால் நான் பிடித்துக்கொண்ட வழி இது. எதைப் பற்றிப் பேசினாலும், இதில் வெப்பம் சேர்த்தது எவ்வளவு, நாமே செய்துகொண்டது எவ்வளவு, எப்போதும் நடப்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது. பிரிக்க முடியாத இடத்தில் முடியவில்லை என்றே சொல்லிவிடுவது. "இது அது இல்லை" என்று நாலு முறை சொன்னவர், "இது அதுதான்" என்று ஐந்தாவது முறை சொல்லும்போது ஊர் காது கொடுக்கிறது.

2019 செப்டம்பரில் பாம்பன், குந்துகால் பக்கம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பச்சைப் பசேலென்று மாறியது நினைவிருக்கும். செத்த மீன்கள் கரையில் ஒதுங்கின. வாட்ஸ்அப்பில் உலகம் அழியப் போகிறது என்ற அளவுக்குப் பேச்சு. கரையில் பெரியவர்களைக் கேட்டால் சாதாரணமாக, "பூங்கோரை" என்றார்கள். ஆவணி, புரட்டாசியில் நீரோட்டத்தோடு வரும், ஒரு வருடம் கூட, ஒரு வருடம் குறைய. நாக்டிலூகா என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் கூட்டம் கூட்டமாகப் பெருகி, பிறகு செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. மீனுக்கு மூச்சு முட்டிப்போகிறது. கடலில் சேரும் கழிவும் உரச்சத்தும் கூடினால் இந்த மாதிரிப் பெருக்கத்துக்குத் தீனி கூடுகிறது. வெப்பத்துக்கும் ஒரு கை இருக்கலாம். ஆனால் அந்த வாரத்துப் பச்சைக்கு வெப்பம்தான் காரணம் என்று சொல்ல என் கையில் எதுவும் இல்லை. அப்படியே சொன்னேன். செத்து ஒதுங்கிய மீனை எடுத்துச் சாப்பிட வேண்டாம், கருவாடும் போட வேண்டாம் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்றைக்கு ஊருக்குத் தேவைப்பட்டது அதுதான்.

தீவுகள் விஷயம் இன்னும் சிக்கலானது. தூத்துக்குடி தொடங்கிப் பாம்பன் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். வெளியூரிலிருந்து ஒலிப்பதிவுக்கு வருகிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான்: "கடல்மட்டம் உயர்ந்து தீவே மூழ்கிவிட்டதாமே?" கேட்பதற்கு நல்ல தலைப்பு. ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பாரை, அதாவது பவளப்பாறையை, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று எத்தனையோ வருடங்கள் வெட்டி எடுத்து வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகும் அது முழுதாக நிற்கக் கொஞ்ச காலம் ஆனது. அலையைத் தடுத்து நின்ற பார் போன பிறகு மணல் திட்டு எத்தனை நாள் தாங்கும்? உயர்ந்துகொண்டிருக்கும் கடல், ஏற்கெனவே வேலி போன தோட்டத்துக்குள்தான் நுழைந்தது. இரண்டையும் சொன்னால்தான் அது உண்மை. இதைச் சொன்ன நாள் வயதான ஒருவர் போன் செய்து, "நானும் கல்லு ஏத்துனவந்தான்மா. சொல்லு, நல்லாச் சொல்லு" என்றார்.

மீனைப் பற்றிப் பேசினால் இத்தனை சுமுகமாக இருக்காது. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், மீன் குறைந்ததற்குக் காலநிலை மாற்றத்தைச் சொன்னால் எல்லாருக்கும் சந்தோஷம், யாரையும் குறை சொன்னதாக ஆகாது. ஆனால் பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அதில் இழுவை மடியும் (வலையும்), இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற, தடை செய்த இரட்டை மடியும் அடித்தரையை அரைத்துக்கொண்டு போவதற்கும் வெப்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் ஒரு சம்மாட்டி அண்ணன், படகு முதலாளி, அழைத்து, "ஒனக்கு வானிலை சொல்லத்தானே சம்பளம் தர்றாக?" என்று கேட்டார். "ஆமாண்ணே, அதான் வானிலைக்குச் சம்பந்தம் இல்லாததை வானிலைன்னு சொல்ல முடியல" என்றேன். கோபம் தணிந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் அவர் இப்போதும் கேட்கிறார். நான் சொன்ன காற்று தவறிப்போன நாளில் முதல் அழைப்பு அவருடையதுதான்.

அதே மூச்சில் பேச்சாளையையும், அதாவது மத்தி மீனையும், சொல்வேன். ஒரு காலத்தில் கேரளம், கர்நாடகக் கரைகளோடு பெரும்பாலும் நின்றிருந்த மீன் இது. 1980-களின் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுக் கரையிலும் கூடுதலாகப் படத் தொடங்கியது. கடல் சூடாகச் சூடாக அதன் எல்லை விரிந்திருக்கிறது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் நம்ம மண்டபத்தில்தான் இருந்தது என்பதை இந்த இடத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவேன், ஊருக்கு ஒரு பெருமை. பேச்சாளைக் கதை ஏன் உதவுகிறது என்றால், காலநிலை மாற்றம் என்றாலே எல்லாம் அழிவு என்று இல்லை, சிலது வரும், சிலது போகும் என்று வலைக்காரருக்கு அது சொல்லாமல் சொல்கிறது. தன் வலையில் வந்ததை யாரும் மறுக்க மாட்டார்கள்.

இப்போது மழை. 2024 நவம்பர் 20-ஆம் தேதி. அன்று ராமேஸ்வரத்தில் 41 செ.மீ., தங்கச்சிமடத்தில் 32, பாம்பனில் 28, மண்டபத்தில் 26 செ.மீ. பதிவானது. பாம்பனில் மட்டும் மூன்று மணி நேரத்துக்குள் 19 செ.மீ. கொட்டித் தீர்த்தது. வானிலைத் துறைக் கணக்கில் 20.4 செ.மீ.க்கு மேல் போனாலே அதி கனமழை. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கிற சராசரி மழையே 80 செ.மீ. சொச்சம்தான். அதில் பாதி ஒரே நாளில். வறட்சிக்குப் பேர்போன மாவட்டத்தில், மழைக்காக வேண்டிக்கொள்கிற ஜனங்கள், "போதும் நிறுத்து" என்று வானத்தைப் பார்த்துச் சொன்ன நாள் அது.

அடுத்த நாள் காலையில் எல்லா அழைப்பிலும் ஒரே கேள்வி, இது காலநிலை மாற்றமா? அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். நான் சொன்னது இப்படி: வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இருக்கிறார், காலில் ஆணி குத்திவிட்டது. குத்தியது ஆணிதான், சர்க்கரை இல்லை. ஆனால் புண் ஆறாமல் பெரிதாகப் போனதற்குச் சர்க்கரையைக் கேட்க வேண்டும். அன்றைய மழைக்கு ஆணி, நம் தலைக்கு மேலே நின்ற வளிமண்டலச் சுழற்சி. அது கார்த்திகையில் வருவதுதான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951-லிருந்து 2015-க்குள் சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது என்று நம் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. சுழற்சி பழசு, அதன் கையில் இருக்கும் தண்ணீர் கூடியிருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட நாளில் எவ்வளவு கூடியது என்று மறுநாள் காலையில் நான் சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மழுப்புவதாக நினைப்பார்கள். வெப்பமடையாத உலகத்தில் இதே மழை எவ்வளவு பெய்திருக்கும் என்று கணினி மாதிரிகளை வைத்துக் கணக்குப் போடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 2014-லிருந்து ஒரு சர்வதேசக் குழு இதையே தொழிலாகச் செய்கிறது. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவுக்குக் காரணமான மழையைக் கணக்கிட்டு, காலநிலை மாற்றத்தால் அது சுமார் 10 சதவீதம் கூடியிருக்கிறது என்றார்கள். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்தபோதோ, புவி வெப்பமடைதலின் தடம் அதில் தெரியவில்லை என்றே எழுதினார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் முதல் கருவாட்டு வியாபாரி வரை நிமிர்ந்து உட்கார்கிறார்கள். "ஓஹோ, இல்லைன்னும் சொல்வாங்களா?" என்று.

இதெல்லாம் எடுபட வேண்டுமென்றால் நாளைய காற்றை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் எதுவும் இல்லை. எங்கள் தீவின் விசேஷம், ஒரே ஊருக்கு இரண்டு கடல். ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் படுத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழும்பினால் கதை தலைகீழ். அறிக்கையில் "மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோ மீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோ மீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்" என்று வரும். அதை அப்படியே வாசித்தால் நாட்டுப்படகுக்காரருக்குப் பாதிதான் போய்ச் சேரும். தென்கடலா வடகடலா, எத்தனை மணிக்கு மேல், நாட்டுப்படகுக்கு எப்படி, விசைப்படகுக்கு எப்படி என்று உடைத்துக் கொடுக்க வேண்டும். "ஓரிரு இடங்களில் மழை" என்றால், அந்தப் பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது என்று கணக்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, "ஓரிரு இடம்னீங்க, எங்க தெருவுல சொட்டுக்கூட இல்ல" என்ற புகார் குறைந்துவிட்டது. புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணும் அப்படித்தான். பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன், எல்லோருக்கும் தெரியும் என்று விடமாட்டேன். 11 வரை எண் உண்டு. அந்தக் கடைசி எண்ணுக்கு, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோச்சு என்று பொருள்.

நம்பிக்கைக்கு வந்த பெரிய சோதனை புரெவி. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு திருகோணமலைப் பக்கம் கரை கடந்து, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் கரையைக் கடக்கும் என்று எச்சரிக்கை. படகுகளை ஏற்றி, ஓட்டுக்கு மேலே மணல் மூட்டை அடுக்கி, ஜனங்கள் முகாமுக்குப் போனார்கள். புயலோ ராமநாதபுரத்துக்குப் பக்கத்திலேயே வலுவிழந்து, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக ஒரு நாளுக்கு மேல் நகராமல் நின்றது. அங்கேயே கரைந்தும் போனது. தொலைவில் இருந்த சிதம்பரமும் கடலூரும்தான் வெள்ளத்தில் மிதந்தன. "கூண்டு ஏறுச்சு, புயல் எங்கக்கா?" என்று ஆளாளுக்குக் கேலி.

அப்படிப்பட்ட நேரத்தில் வானொலிக்காரர்கள் பெரும்பாலும் அடுத்த செய்திக்குத் தாவிவிடுகிறார்கள். நான் மூன்று நாள் அதைப் பற்றியே பேசினேன். புயலைத் தள்ளிக்கொண்டு போகிற மேல்காற்று எப்படி வலுவில்லாமல் போனது, அது நகராமல் நின்றதால் மழை எங்கே போய்க் கொட்டியது, இன்னும் கொஞ்சம் வலுவோடு நின்றிருந்தால் நமக்கு என்ன ஆகியிருக்கும். எச்சரிக்கை பலிக்காத நாளுக்கு விளக்கம் சொல்கிறவரைத்தான் அடுத்த எச்சரிக்கையின்போது தேடுகிறார்கள். முகாமுக்கு வெறுமனே போய் வந்த கோபம் ஆறாமல் இருக்கும் ஒருவரிடம் காலநிலை மாற்றத்தைப் பேசி ஒரு பிரயோசனமும் இல்லை.

காலநிலை மாற்றம்தான் என்று தயங்காமல் நான் சொல்கிற விஷயம் ஒன்று உண்டென்றால் அது கடலின் சூடு. அதை எனக்கு முன்னால் கண்டுகொண்டவர்கள் பாசி எடுக்கிற அக்காமார். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாரில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பைக்குள் போடுகிறவர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள் அளவில்தான் எடுப்பது என்று அவர்களுக்குள்ளேயே கட்டுப்பாடு உண்டு. பங்குனிக் கடைசியில் ஒரு அக்கா சொன்னார்: "மேல்தண்ணி சுடுறது எப்பவும் உள்ளதுதான். முங்கிட்டா சில்லுன்னு இருக்கும். இப்ப அடியிலயும் வெதுவெதுன்னு இருக்கு. பாரு வெள்ளையாத் தெரியுது." அதை அவர் குரலிலேயே பதிவு செய்து ஒலிபரப்பினேன். அதற்குப் பிறகுதான் என் விளக்கம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆராய்ச்சியாளர் முதலில், ஊர்க்காரர் சான்றுக்கு என்று வைத்தால், ஊர்க்காரர் குரல் சும்மா அலங்காரமாகிப் போகும்.

விளக்கம் இவ்வளவுதான். பவளத்துக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்குச் சாப்பாடும் நிறமும் அதுதான். வாரக்கணக்கில் தண்ணீர் சூடாகவே இருந்தால் அது வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். வெளுத்தது செத்துப்போனது என்று அர்த்தம் இல்லை, சீக்கிரம் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016, 2024 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தது. 2024-இல் உலகம் முழுக்கவே இப்படி வெளுக்கிறது என்று ஏப்ரல் மாதம் அறிவித்தார்கள், அப்படி அறிவிப்பது அது நான்காவது முறை. மிதவையில் கட்டி வளர்க்கிற, பெப்சி பாசி என்று நாங்கள் சொல்லும் கப்பாஃபைகஸ் கடற்பாசியும் சூடு தாங்காமல் அழுகி, தொழிலே படுத்த காலம் ஒன்று இருந்தது. அதை அனுபவித்தவர்களுக்குக் கடல் சூடாகிறது என்பதை நிரூபிக்க வேண்டியதில்லை.

எதனால் சூடாகிறது என்று கேட்பார்களே, அதற்குக் கண்ணாடி வீடு, போர்வை என்று புத்தகத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த சமாச்சாரத்திலிருந்தே தொடங்கலாம். மார்கழியில் வானம் துப்புரவாக இருக்கும் ராத்திரி, விடியக்காலம் குளிர் எடுக்கும். அதே மாதத்தில் மேகம் மூடிய ராத்திரி புழுங்கும். தரையும் கடலும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி மேலே விடுகின்றன, மேகம் அதைப் போகவிடாமல் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயு செய்வதும் அதே வேலைதான். கண்ணுக்குத் தெரியாது, கலையாது, ராத்திரி பகல் கிடையாது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அது பிடித்து வைக்கும் கூடுதல் சூட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. இதைச் சொல்லி முடித்தபோது ஒரு தம்பி, "அப்ப நம்ம ஏரியாலதான்க்கா கொண்டாந்து கொட்டுறாங்க" என்றான். சிரிப்பு வந்தாலும் பிழையான பதில் இல்லை.

எண்களில் கவனம் வேண்டும். வட இந்தியப் பெருங்கடலில் 1993-க்கும் 2017-க்கும் இடையில் கடல்மட்டம் வருடத்துக்கு 3.3 மி.மீ. உயர்ந்தது என்று அதே அமைச்சக அறிக்கை சொல்கிறது. இதை இப்படியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு அலையே ஆள் உயரம் எழும்புகிற இடத்தில் 3 மி.மீ. என்ன கணக்கு? முப்பது வருடத்தில் அரைச் சாண் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். கரை தட்டையாக இருக்கிற தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் அந்த அரைச் சாண் எவ்வளவு தூரம் உள்ளே வரும், புயல் அலையும் ஓதமும் அதன் தோளில் ஏறிக்கொண்டு வந்தால் எங்கே நிற்கும் என்று கேட்டால் அவர்களே இடம் காட்டுவார்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் வேலூர் 42 டிகிரி என்று தொலைக்காட்சியில் அலறும். பாம்பனில் 36, 37-ஐத் தாண்டுவதே அரிது, கடல் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. நமக்கு என்ன என்று தோன்றும். ஆனால் ஈரக்காற்றில் வியர்வை காயாது. கருவாடு காயப்போடுகிற பெண்கள் மயங்கி விழுவது அந்த 36-இல்தான். அதனால் பகல் வெப்பநிலையைவிட ராத்திரி குறைந்தபட்ச வெப்பநிலையை அழுத்திச் சொல்கிறேன். 28-க்குக் கீழே இறங்காத ராத்திரிகள் தொடர்ந்து வந்தால், உடம்புக்கு ஓய்வே இல்லை, வெயில் வேலையைக் காலை பத்துக்குள் முடியுங்கள் என்று சேர்த்துச் சொல்வேன்.

மார்கழி பிறந்தால் 1964 புயல் பேச்சு வந்துவிடும். டிசம்பர் 22, 23 ராத்திரியில் தனுஷ்கோடியும் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதுவும் காலநிலை மாற்றமா என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கேட்டான். இல்லை. வங்கக் கடலில் புயல் எப்போதும் வருவதுதான். நம் பக்கத்துக் கடலில் மொத்தப் புயல்களின் எண்ணிக்கை கூடவில்லை, பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் மிகக் கடுமையான புயல்கள் கூடியிருக்கின்றன என்பதுதான் இதுவரை தெரிந்த கணக்கு. அவன் விடவில்லை. "அப்ப 64 மாதிரி திரும்ப வந்தா?" என்றான். கடல் அப்போதைவிட உயரத்தில் இருக்கும், சூடாகவும் இருக்கும். ஆனால் அன்றைக்கு இல்லாத செயற்கைக்கோளும் கைப்பேசியும் சில நாள் முன்னறிவிப்பும் இன்றைக்கு உண்டு. இரண்டையும் சொன்னேன். பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒலிவாங்கியை அணைப்பது எனக்குப் பிடிக்காது.

"சரி, நாங்க என்ன பண்ணணும்?" இது கடைசியில் வந்தே தீரும். விளக்கை அணையுங்கள், மரம் நடுங்கள் என்று பாசி எடுக்கிற பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உலகத்தின் கரிப்புகையில் அவருடைய பங்கு என்ன இருக்கப் போகிறது? அவர்களிடம் நான் பேசுவது தாங்கிக்கொள்வதைப் பற்றி. படகுக் காப்பீட்டைப் புதுப்பித்தீர்களா, மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரியாச்சா, இல்லையென்றால் யாரிடம் மனு கொடுப்பது, காரங்காடு பக்கம் அலையாத்திக் காடு இருப்பதால் அந்தக் கரைக்கு என்ன லாபம், இந்த மாதிரி.

ஒரு நாள் தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் அழைத்தார். புது வீடு கட்டுகிறாராம். "காலநிலை மாற்றம் மாற்றம்னு சொல்றீங்க, பேஸ்மட்டம் எத்தனை அடி போடணும், அதைச் சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரியாது. 2024 நவம்பர் மழையில் பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது, பெரியவர்கள் காட்டுகிற பழைய குறி எது, இரண்டையும் அளந்து வையுங்கள், மற்றதைப் பொறியாளரிடம் கேட்போம் என்றேன். அடுத்த வாரம் ஒரு கட்டடப் பொறியாளரை நிலையத்துக்கு வரவழைத்து, பேஸ்மட்டம், மழைநீர் வடிகால், மீட்டர் பெட்டியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று பேச வைத்தோம். நிகழ்ச்சி நேரம் முடிந்தும் அழைப்பு நிற்கவில்லை. செப்டிக் டேங்கைப் பற்றியே அத்தனை கேள்வி வந்ததால் அதற்குத் தனியாக இன்னொரு பகுதி வைக்க வேண்டியிருந்தது.